ஒரு வார்த்தை கேட்க வேணாமா?

“யாரைக் கேட்டும்மா என் கம்ப்யூட்டரைத் துடைச்சு வச்சே? ஆறு வருஷத்து ஃபைல், ஒண்ணுகூட இல்ல!” மேனேஜர் கத்தினார்.

லீவு முடிந்து அப்போதுதான் உள்ளே நுழைந்த சிஸ்டம் அட்மினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆபீஸின் நாற்பது கம்ப்யூட்டரிலும் பழையதை அழித்துவிட்டு லினக்ஸ் ஏற்ற, நடுவில் அது கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் பதிலை முன்கூட்டியே எழுதி, பக்கத்தில் ஆளே வேண்டாதபடி ஒரு பென் டிரைவைத் தயாரித்து மேஜையில் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

“நேத்து நான் ஊர்லயே இல்ல சார். என் பென் டிரைவை யாரு எடுத்தது?”

மேனேஜரின் குரல் இறங்கியது. “ஃபைல் காப்பி பண்ண நான்தான் எடுத்தேன். செருகிட்டு கம்ப்யூட்டரை ஆன் பண்ணினேன், அவ்வளவுதான். அழிக்கட்டுமான்னு ஒரு வார்த்தை கேட்க வேணாமா அது?”

“கேட்டுட்டுதான் சார் இருந்துச்சு. ‘நாப்பது தடவை யாரு போய் ஆமான்னு தட்டுறது, அந்தக் கேள்வியைத் தூக்கு’ன்னு போன வாரம் என்னைப் போட்டுக் காய்ச்சினது நீங்கதானே?”