மூன்றாவது தாள்

“ஜக்குக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு நான் பாக்க மாட்டேன். இந்தப் பக்கம் நீ பாக்கக் கூடாது. சம்மதமா?”

கல்யாணமான புதிதில் என் கணவர் கேட்டார், நாங்கள் இருவரும் எழுத உட்காரும் சாப்பாட்டு மேசையின் நடுவில் தண்ணீர் ஜக்கை நகர்த்தி வைத்தபடி.

“சம்மதம். ஆனா தாகம் எடுத்தா எல்லை தாண்டுவேன்,” என்றேன்.

பதினேழு வருடங்களாக அந்த ஒப்பந்தத்தை நாங்கள் மீறவில்லை. ஜக்கில் தண்ணீர் நிரப்புவது மட்டும் எப்போதும் அவர் வேலை.

அவர் போக்குவரத்து அமைச்சருக்கு மேடைப் பேச்சு எழுதுகிறவர். வயது தெரிந்துவிடும் என்று அமைச்சர் மேடையில் கண்ணாடி போடமாட்டார். அதனால் ஒவ்வொரு பேச்சையும் கட்டைவிரல் பருமன் எழுத்தில் கையாலேயே எழுதிக் கொடுக்க வேண்டும்.

நான் ஜக்குக்கு இந்தப் பக்கம், எறும்பு எழுத்தில், ‘நெருஞ்சி’ என்ற பெயரில் வாரப் பத்திரிகைக்குக் கதை எழுதுகிறவள். என் கதைகளில் வரும் அமைச்சர்களுக்குப் பெயர் கிடையாது. தேவையும் இல்லை.

நெருஞ்சி யார் என்று யாராவது கேட்டால், தெரியாது என்று அவர் கூசாமல் சொல்ல வேண்டும். தெரியும் என்றால் வேலை போய்விடும். அதனால் ‘ஒரு தடவை படிச்சுப் பாருங்களேன்’ என்பது என் நாக்கு நுனி வரை வந்து எத்தனையோ முறை திரும்பிப் போயிருக்கிறது.

இன்று காலை புதிய பேருந்து நிலையத் திறப்பு விழா. ஒருநாளும் இல்லாத திருநாளாக, என்னையும் வரச் சொன்னார்.

கிளம்பும் நேரத்தில் என் கதையின் மூன்றாவது தாளைக் காணவில்லை. மின்விசிறிக் காற்றில் அலமாரிக்கு அடியில் போயிருக்கும், வந்து தேடிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ஆறாவது வரிசையில் இடம் கிடைத்தது. பக்கத்து நாற்காலியில் காய்கறிப் பையோடு ஒரு அம்மாள். ஏழு மணிப் பேருந்துக்கு வந்தவளாம். மணி பத்தாகிவிட்டது. பேருந்தை, இந்த விழாவுக்கு ஆள் ஏற்றிவர அனுப்பிவிட்டார்களாம்.

அமைச்சர் தாளைப் புரட்டினார்.

“பேருந்துகள் தாமதமாக வருவதாகச் சிலர் சொல்கிறார்கள். ஆராய்ந்து பார்த்தோம். பேருந்துகள் தாமதமாக வரவில்லை. மக்கள்தான் முன்னதாக வந்து நிற்கிறார்கள்.”

நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன்.

அது என் வாக்கியம். மூன்றாவது தாளின் முதல் வாக்கியம்.

“இந்தக் கெட்ட பழக்கத்தை ஒழிக்க ஒரு குழு அமைக்கப்படும்.”

முன்வரிசை கைதட்டியது. அவர்களுக்கு அதுதான் வேலை.

தாள்கள் கலந்துவிட்டன. என் கவனக்குறைவால் அவருடைய பதினேழு வருட உழைப்பு மண்ணாய்ப் போயிற்று. மேடையோரம் கோப்போடு நின்ற என் கணவரைத் தேடினேன். தூண் மறைத்தது.

அப்போதுதான் பக்கத்து அம்மாள் வாய் திறந்தாள்.

“அட, தப்பு நம்ம மேலதானா? இத்தனை நாளாத் தெரியாமப் போச்சே.”

சொல்லிவிட்டுப் பையை மடியில் இறுக்கிக்கொண்டு குலுங்கினாள். அந்தச் சிரிப்பு பின்வரிசைக்குப் போயிற்று. அங்கிருந்து ஓட்டுநர்கள் நின்ற மூலைக்கு. பிறகு அது யாருடைய சிரிப்பு என்று சொல்ல முடியவில்லை. தகரக் கூரை அதிர்ந்தது.

அமைச்சர் பூரித்துப்போனார். மக்கள் மகிழ்கிறார்கள் என்று அதே வரியை இன்னொரு முறை படித்தார்.

கூரை மறுபடியும் அதிர்ந்தது.

பேனா கீறும் ஓசை மட்டும் துணையாக, தனியாக உட்கார்ந்து எழுதிய வரி. அதற்கு இரண்டாயிரம் பேர் ஒரே மூச்சாகச் சிரிக்கிறார்கள். யாரைப் பார்த்துச் சிரிக்க வேண்டுமோ, அவர் வாயாலேயே கேட்டுச் சிரிக்கிறார்கள். பயம் எங்கேயோ போய்விட்டது. உடம்பெல்லாம் சிலிர்த்தது. கடலை முதன்முதலாகப் பார்த்த குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

விழா முடிந்ததும்தான் பயம் திரும்பி வந்தது. மேடைக்குப் பின்னால் ஓடினேன். எல்லாம் என் தவறு என்று அமைச்சரின் செயலாளரிடம் சொல்லிவிட வேண்டும்.

எனக்கு முன்பே செயலாளர் என் கணவரைப் பிடித்துவிட்டார்.

திட்டவில்லை. அமைச்சருக்கு இப்படி ஒரு வரவேற்பு கிடைத்ததே இல்லையாம். இனி எல்லாப் பேச்சும் இந்தப் பாணியிலேயே வேண்டுமாம். அந்தக் குழுவுக்கு யாரைத் தலைவராகப் போடலாம் என்று அவரிடமே யோசனையும் கேட்டார்.

நாளையிலிருந்து தான் வேலைக்கு வரப்போவதில்லை என்றார் என் கணவர். செயலாளர் அதற்கும் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுப் போனார்.

கணவர் கையிலிருந்த பேச்சை வாங்கிப் புரட்டினேன். என் எறும்பு எழுத்தைத் தேடினேன்.

இல்லை.

என் ஒரு தாள், கட்டைவிரல் பருமன் எழுத்தில், ஐந்து தாள்களாக விரிந்திருந்தது. ஒரு புள்ளி மாறவில்லை.

அவர் சட்டைப் பையிலிருந்து, நான்காக மடித்த என் மூன்றாவது தாளை எடுத்து நீட்டினார்.

எப்போதிலிருந்து படிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

முதல் வாரத்திலிருந்தே என்றார். தண்ணீர் நிரப்ப ஜக்கைத் தூக்கினால், அப்போது எல்லை ஏது என்றார்.

பிறகு, பெண் பார்க்க வந்த அன்று நின்ற மாதிரி, எங்கேயோ பார்த்தபடி நின்றார்.

“ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். அந்த ஜக்கை மேசையிலேர்ந்து எடுத்துடலாமா?”