புள்ளியில்லாத கார்

ஓர்ட்வின் ராப் யாருக்கும் சும்மா ஒரு காபி கொடுக்கிற ஆள் இல்லை. அன்றைக்குப் பெண் இன்ஸ்பெக்டர் டோர்ஃப்ளருக்குக் காபி கொடுத்ததோடு, பிளம் கேக்கும் ஒரு துண்டு வெட்டி வைத்தார். பக்கத்து வீட்டுக்காரன் மாட்டிக்கொண்டான் என்றால் மனிதர் அவ்வளவு தாராளமாகிவிடுவார்.

"செவ்வாய்க்கிழமை மத்தியானம் ரெண்டரை மணி. நல்ல மழை. ஹென்னிங் காரை எடுத்துட்டுப் போனதை இதோ இந்தச் சமையல்கட்டு ஜன்னல் வழியாத்தான் பார்த்தேன். எழுதிக்குங்க மேடம்," என்றார்.

டோர்ஃப்ளர் எழுதிக்கொண்டார்.

அன்று மூன்று மணிக்கு, திராட்சைத் தோட்டத்துச் சாலையில், வீடு வீடாகப் பத்திரிகை போடும் பெண்ணை ஒரு கறுப்புக் கார் இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போயிருந்தது. கால் இரண்டு இடத்தில் முறிந்து, நெற்றி கிழிந்து, மழையில் அரை மணி நேரம் கிடந்திருக்கிறாள். ஓட்டியது யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. கார் எண் மட்டும் நினைவிருந்தது. அது ஹென்னிங்கின் கார்.

ஹென்னிங் பேக்கரியில் மாவு பிசைகிறவன். ராத்திரி ஒரு மணிக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டும், அந்த நேரத்தில் பஸ் கிடையாது. லைசென்ஸ் போனால் வேலை போச்சு. ஜெயில் வேறு காத்திருக்கிறது. 'மத்தியானம் ஒரு மணிக்குப் படுத்தேன், ராத்திரி ஒன்பது வரைக்கும் தூங்கினேன்' என்பதைத் தவிர அவனுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. தனிக்கட்டை தூங்கியதற்கு யார் சாட்சி சொல்வார்கள்?

"ஆள் எப்படி?" என்று கேட்டார் டோர்ஃப்ளர்.

"அவன் லட்சணத்தை அவன் காரைப் பார்த்தாலே தெரிஞ்சுக்கலாம். இந்த ஊர்த் தண்ணியில பாதி சுண்ணாம்பு. கெட்டில்ல ரெண்டு நாள் கொதிக்க வெச்சா அடியில ஓடு கட்டுது. அந்தத் தண்ணியை ஹோஸ்ல பிடிச்சு, உச்சி வெயில்ல கார் மேல அடிச்சுட்டு, துடைக்காமக் கொள்ளாமப் போய்ப் படுத்துருவான். கறுப்பு பெயிண்ட் பூரா வெள்ளை வெள்ளையாப் புள்ளி. அம்மை வடு விழுந்த மூஞ்சி மாதிரி ஒரு வண்டி, பதினோரு வருஷமா என் வண்டி பக்கத்துல நிக்குது. ரெண்டு வீட்டுக்கும் ஒரே கராஜ், என் தலையெழுத்து. வாசல்ல வண்டி கழுவக் கூடாதுன்னு விதி இருக்கு. மூணு தடவை நகராட்சிக்கு எழுதிப் போட்டேன்."

"ஆனா அவர் சாவி உங்க வீட்டுல தொங்குதே?"

நடையில் வரிசையாகக் கொக்கிகள். ஒன்றில் 'ஹென்னிங்' என்று அச்சடித்த சீட்டு ஒட்டிய சாவிக்கொத்து, வீட்டுச் சாவியும் கார் சாவியும் சேர்ந்தது.

"ஒரு தடவை சாவியை உள்ள வெச்சுக் கதவைச் சாத்திட்டான், முட்டாள். அதுலேர்ந்து ஒரு கொத்து எங்கிட்ட குடுத்து வெச்சிருக்கான். பக்கத்து வீட்டுல இருந்துட்டு இதுகூடச் செய்யலைன்னா எப்படி?"

அந்தத் தெருவில் அப்படித்தான். நகராட்சிக்குப் புகார் எழுதுகிற கையாலேயே பக்கத்து வீட்டுக்காரன் சாவியையும் வாங்கிப் பத்திரமாக மாட்டுவார்கள்.

"உங்க வண்டி ரொம்ப சுத்தமா இருக்கு ராப் சார். மழையில எடுக்கவே மாட்டீங்களோ?"

"மேகத்தைப் பார்த்தாலே எடுக்க மாட்டேன்," என்றார் ஓர்ட்வின், பெருமையாக.

டோர்ஃப்ளர் கேக்கை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "ஒண்ணுதான் புரியலை. இப்பக் கராஜ்லேர்ந்துதான் வர்றேன். ஹென்னிங் வண்டியில ஒரு புள்ளிகூட இல்லையே?" என்றார்.

"தடயத்தை அழிக்கக் கழுவியிருப்பான்."

"கழுவினாப் போற புள்ளியா சார் அது? என் வண்டியிலயும் இருக்கு. வினிகர் ஊத்தித் தேய்ச்சேன். கீறல்தான் விழுந்துது."

"வினிகரா?" என்று பதறினார் ஓர்ட்வின்.

"மனுஷன் ஏதோ வித்தை தெரிஞ்சவர்தான். தப்பா நினைக்காதீங்க, உங்க வண்டியை விட அது ஒரு படி மேலயே மின்னுது. ஹென்னிங் கை தேர்ந்த ஆள்தான்."

கோப்பை தட்டில் ணங்கென்று உட்கார்ந்தது.

"அவன் கை தேர்ந்தவனா? தண்ணிக்கும் தண்ணிக்கும் வித்தியாசம் தெரியாத தடியன் மேடம் அவன். முதல்ல பெயிண்ட் சூடில்லாம இருக்கணும். எலுமிச்சை உப்பை, சுண்ணாம்பே இல்லாத பேட்டரித் தண்ணியில கரைச்சு, துணியை நனைச்சு, புள்ளி மேல ரெண்டு நிமிஷம் போட்டு ஊற விடணும். தேய்க்கவே கூடாது. அப்புறம் பேட்டரித் தண்ணியிலயே அலசி, ஒரு சொட்டுக்கூடத் தானா காய விடாம ஒத்தி எடுக்கணும். கடைசியா மெழுகு, இல்லேன்னா மறுபடியும் பிடிச்சுக்கும். இதெல்லாம் அவனுக்கு என்ன தெரியும்? பானெட்டுக்கு மட்டும் ரெண்டு மணி நேரம் ஆச்சு. இடது கதவுல சுண்ணாம்பு பெயிண்டுக்குள்ளயே இறங்கியிருந்துது, அதைப் பாலிஷ் போட்டு எடுக்குறதுக்குள்ள என் முதுகே ஒடிஞ்சு போச்சு. போயும் போயும் அவனுக்கா பேரு?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே கேட்டது.

டோர்ஃப்ளர் எழுதி முடித்து, தேதி போட்டு, நோட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தார். "ஹென்னிங்கால முடியாதுன்னு எனக்கும் தோணுச்சு. அதான் உங்ககிட்ட வந்தேன். இங்க ஒரு கையெழுத்து."

மழையில் தன் காரை நனைக்க மனம் வராமல், தூங்குகிறவனின் காரை எடுத்துக்கொண்டு போன ஓர்ட்வின் ராபுக்கு, அடிபட்டவளை நடுரோட்டில் அப்படியே விட்டுவிட்டு வர முடிந்தது. காரில் இருந்த புள்ளிகளைத்தான் அப்படியே விட முடியவில்லை.