குருவி வைத்த ரகசியச் சொல்

தூக்கணாங்குருவி காடு முழுக்கக் கூடு கட்டிக் கொடுப்பவள். யார் கூடு எந்த மரத்தில், அதில் எத்தனை முட்டை என்ற விவரமெல்லாம் மேகத்திடம் பத்திரமாக இருந்தது. ரகசியச் சொல்லைச் சொன்னால்தான் மேகம் வாய் திறக்கும். மறந்துவிடக் கூடாதே என்று, அன்றாடம் வாயில் வருகிற சொல்லையே அவள் வைத்திருந்தாள்.

ஒருநாள் அவள் மலையுச்சியில் மேகத்தோடு பேசிக்கொண்டிருந்தபோது பாம்பு ஏறி வந்தான். பதறிப்போய்ப் பாறை இடுக்கில் ஒளிந்துகொண்டாள்.

"மேகண்ணே, அந்தக் கூடுங்க விவரம் கொஞ்சம் வேணுமே."

"சொல்லைச் சொல்லு, தரேன்."

"முட்டை?"

"இல்லை."

"குஞ்சு?"

"உன் புத்தி சாப்பாட்டை விட்டு நகராதா?"

பாம்பு சலித்துப்போய்த் திரும்பினான். குருவிக்கு அப்போதும் மூச்சு வரவில்லை. பாழாய்ப்போன பாம்பு மரியாதை தெரிந்தவன். 'சாமி, இவன் பேசாமல் போகட்டும். இல்லாவிட்டால் அபசகுனமாக, போறேன் என்றாவது சொல்லித் தொலைக்கட்டும்' என்று வேண்டினாள்.

சரிவு வரைக்கும் போன பாம்பு தலையைத் திருப்பினான்.

"சரிண்ணே, போயிட்டு வரேன்."

"அட, அதேதான்!" என்றது மேகம். "எழுதிக்கோ. ஆத்தங்கரை இலுப்பை மரம், மூணு முட்டை..."