லைன் விளக்கு

நகரியில் காலை பதினொரு மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது. மஞ்சு மோடத்திலிருந்து வரும் மஞ்சள் கேபிளைக் கம்ப்யூட்டரின் பின்பக்கம் கிளிக் என்று சத்தம் கேட்கும்வரை அழுத்துகிறாள். குவைத்தில் அவள் கணவன் யோகேஷ் தங்கியிருந்த அறையில் தீப்பிடித்து நான்கு நாளாகிறது. புகையில் தொண்டை புண்ணாகிப் பேச்சு வரவில்லை, மற்றபடி நன்றாக இருக்கிறான் என்று கூட வேலை செய்பவர் போனில் சொன்னார். மஞ்சு நம்பவில்லை. பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து கேமராவில் முகம் காட்டுவானாம். மோடத்தில் போன் லைன் கிடைத்ததைக் காட்டும் விளக்கு மட்டும் சிமிட்டுகிறது, ஒரு நொடி நிற்கிறது, மறுபடி சிமிட்டுகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் மாமனார் கன்னையாவின் எட்டு விசைத்தறிகளும் தடதடக்கின்றன. அவள் அதே லைனில் இருக்கும் போனின் ரிசீவரை எடுத்துக் காதில் வைக்கிறாள். உள்ளே கரகரவென்று ஒரே இரைச்சல்.

"மாமா, தறி ஓடிக்கினு இருந்தா லைன் நிக்க மாட்டேங்குது!"

தறிகள் ஒவ்வொன்றாக அடங்குகின்றன. மேசை மேல் டம்ளர் அதிர்வதும் நிற்கிறது. விளக்கு சிமிட்டலை விட்டுப் பச்சையாக எரிகிறது. திரையில் கட்டம் கட்டமாகப் படம் கூடுகிறது: வெள்ளைத் தலையணை, பொசுங்கிய புருவம், பிறகு யோகேஷின் கண்கள். அவன் கையைத் தூக்குகிறான்.

"வந்துட்டாரு மாமா! ஓடியாங்க!"

கன்னையா தறிக்கூடத்தை விட்டு வரவில்லை. குரல் மட்டும் வருகிறது.

"நான் சுவிட்சாண்ட நிக்கிறேம்மா. நகர்ந்தா வேலையாளுங்கள்ல எவனாச்சும் தறியப் போட்டுடுவான். எப்பிடிக் கீறான், நீயே பாத்துச் சொல்லு."