அடிப்பக்கம்

மேசைமேல் மினுக்கிக்கொண்டிருந்த லேப்டாப்பை அந்த அம்மாள் பட்டென்று மூடினாள். மூடியதோடு விடாமல் குப்புறப் புரட்டிப் போட்டு, அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவ ஆரம்பித்தாள்.

விற்பனையாளனுக்குச் சலிப்பாக வந்தது. காலையில் ஒருத்தர் தொடுதிரை என்று நினைத்துக் குத்தோ குத்தென்று குத்திவிட்டுப் போனார். இன்னொருத்தர் கைக்குழந்தையைக் கொண்டுவந்து கீபோர்டு மேலேயே உட்கார வைத்தார். ஆனால் எது மேல், எது கீழ் என்றே தெரியாத ஆள் இன்றைக்கு இவள்தான்.

"அம்மா, இங்கயுமா?" மகள் பல்லைக் கடித்தாள். "நேரா வையேன். மானம் போகுது."

"கை தானாப் போகுதுடி. தம்பி, உட்கார ஏதாவது இருக்கா? லைன்ல நின்னு நின்னு காலு மரத்துப்போச்சு."

"லைனா? இப்பக் கடையில ஈ காக்கா இல்லையேம்மா. பில் போடற இடம்கூடக் காலியாத்தானே கிடக்கு?"

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அம்மாள் சிரிக்கவில்லை.

அந்தக் கடையில் வாடிக்கையாளருக்குக்கூட நாற்காலி கிடையாது. உட்கார்ந்தால் யோசிப்பார்கள், யோசித்தால் வாங்க மாட்டார்கள் என்பது மேனேஜர் கண்டுபிடித்த தத்துவம். அவனுக்கே குதிகால் இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன. மேனேஜர் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, ஒரு மரப்பெட்டியைக் காலால் தள்ளிவிட்டான். அம்மாள் 'அப்பாடா' என்று உட்கார்ந்தாள்.

"அண்ணா, நீங்களே சொல்லுங்க" என்றாள் மகள். "புது மாடல் அடுத்த மாசம் வருதாமே? காத்திருக்கலாமா, இதையே வாங்கிடலாமா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அவனுக்கு நாக்கே தேய்ந்திருந்தது. 'இப்பவே எடுத்துடுங்க, ஸ்டாக் தீருது' என்பதுதான் கடையில் சொல்லிக்கொடுத்த பதில். புதுசு வந்து இறங்குவதற்குள் பழசைத் தள்ளிவிடச் சொல்லி மேனேஜர் தினமும் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்.

பதில் வாய்வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அந்தப் பெண்ணின் தோள்பையில் வார் அறுந்த இடத்தில் ஊக்கு மாட்டியிருந்தது கண்ணில் பட்டது.

"எதுக்கும்மா உனக்கு லேப்டாப்?"

"கட்டடம் வரையற படிப்புண்ணா. கூடப் படிக்கிறவ வேலையை முடிச்சுட்டுத் தூங்கப் போனாத்தான் அவளோடது எனக்குக் கிடைக்கும். அதுக்குள்ள எனக்கே கண்ணு சொருகிடும்."

அவன் குரலைத் தாழ்த்தினான். "மேனேஜர் காதுல விழாம சொல்றேன். ஒரு மாசம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு. புதுசு பாதிக் கனம்தான், வேகமும் ஜாஸ்தி. விலை இதேதான்."

"பாத்தியாம்மா? நான் சொன்னப்ப நம்பல."

"இப்பவே வாங்கிடலாம்" என்றாள் அம்மாள்.

"ஏம்மா?"

"காசு கையில இருக்கறப்பவே வாங்கிடணும். அப்புறம் அது அடுப்புக்குப் போயிடும்."

"போன மாசம் வரைக்கும் 'பொறு பொறு'ன்னு நீதானே சொன்ன? இப்ப என்ன, கால்ல வெந்நீரைக் கொட்டிக்கிட்ட மாதிரி பறக்கற?"

சண்டையைத் தணிக்கலாம் என்று அவன் சுவரில் ஒட்டியிருந்த புது மாடலின் படத்தைக் காட்டினான்.

"இதைப் பாருங்கம்மா. நீங்க தடவிப் பாக்கறீங்களே, அந்த அடிப்பக்கம் இதுல கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கும். ஒரு ஸ்க்ரூ கிடையாது. மெஷினே ஒட்டிடுது, மனுஷக் கையே படறதில்ல."

"தெரியும் தம்பி."

அவனுக்குச் சுருக்கென்றது. மேலும் கீழும் தெரியாத ஆளுக்கு இது மட்டும் தெரியுமாம். அவள் கட்டைவிரல் மறுபடியும் பழசின் அடிப்பக்கத்துக்கே போனது. ஒவ்வொரு ஸ்க்ரூ தலையிலும் நின்று நின்று நகர்ந்தது. அந்த விரல் நுனி காய்ப்பேறி, நகம் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது.

மகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "எழுந்திரும்மா, போலாம். இத்தனை நாள் இருந்தவ இன்னும் ஒரு மாசம் இருக்க மாட்டேனா? அண்ணா, புதுசு வந்ததும் வர்றோம்."

அவள் கண்ணாடிக் கதவுவரைக்கும் போய்விட்டாள். அம்மாள் பெட்டியை விட்டு அசையவில்லை.

"பொண்ணே இருக்கேன்னு சொல்றப்ப விடுங்களேம்மா" என்றான் அவன். "வந்ததும் முதல் பீஸை உங்களுக்கே எடுத்து வைக்கிறேன். காத்திருக்கறதுல உங்களுக்கு என்ன நஷ்டம்?"

அம்மாள் லேப்டாப்பை நிமிர்த்தி வைத்தாள். இரண்டு கையாலும் மெதுவாகத் திறந்தாள். திரையின் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது.

"இதோட மூஞ்சி நல்லாத்தான் இருக்கு" என்றாள், தனக்குத்தானே.

மகள் திரும்பி வந்தாள். "என்னம்மா ஆச்சு உனக்கு?"

அம்மாள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"புதுசு வந்ததும் கம்பெனியில எங்க ஸ்க்ரூ லைனை மூடறாங்கடி."