மகாராணிக்குப் போட்ட முக்காடு

மகாராணியின் முகத்தை மறுபடியும் யாரோ கம்பளி போட்டு மூடியிருந்தார்கள்.

கங்காணி வீரையா, தோட்டத்து வெள்ளைக்காரத் துரை வருகிறாரா என்று வாசலை எட்டிப் பார்த்தார். இந்த வாரத்தில் இது மூன்றாவது தடவை.

இங்கிலாந்து மகாராணி, அவர் புருஷன், சுற்றிலும் ஒன்பது பிள்ளைகள் என்று குடும்பமே நிற்கிற பெரிய படம். துரை அதைக் கண்டியிலிருந்து வைக்கோல் சுற்றி, மாட்டுவண்டியில் ஹேவாஹெட்ட மலைக்குக் கொண்டுவந்தார். பெண்கள் கோப்பிக் கொட்டை பொறுக்கும் ஸ்டோரில் தன் கையாலேயே ஆணி அடித்து மாட்டினார்.

"ராணி பாக்குறா. நல்லா வேலே செய்யணும்" என்று சொல்லிவிட்டுப் படத்தை வீரையாவின் பொறுப்பில் விட்டுப் போனார்.

அந்தப் படத்தின் மேல், மழையில் நனைந்து நாறுகிற கூலிக் கம்பளி!

"யாருடி இது செஞ்சது?"

நாற்பது பெண்களும் தலை நிமிராமல் கொட்டை பொறுக்கினார்கள்.

"மலையில குளிரு ஜாஸ்தி, கங்காணி. ராணிக்கு வெறைச்சிருக்கும்" என்றாள் பாலம்மா. பக்கத்திலிருந்தவர்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"சிரிங்கடி, நல்லா சிரிங்க! யாரு கம்பளின்னு சொல்லாட்டி இன்னிக்கு ஒருத்திக்கும் கூலிக்குப் பேரு பதிய மாட்டேன், அரிசியும் கிடையாது."

சிரிப்பு நின்றது. மூலையில் வெறும் சேலையோடு நடுங்கிக்கொண்டிருந்த பேச்சியம்மா எழுந்து நின்றாள்.

"என்னோடதுதான், கங்காணி."

வீரையாவால் நம்ப முடியவில்லை. வாயே திறக்காதவள். போன வருஷம் அவரே ஊரிலிருந்து தோணியேற்றி, கடல் தாண்டிக் கூட்டி வந்த ஆள். வந்த மூன்றாம் மாதமே புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். இந்தத் தோட்டத்தில் பேரை வெட்டினால் அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது. அந்தப் பயம்கூடவா இல்லை?

"என்னா திமிரு ஒனக்கு? சோறு போடுற மகாராணி மூஞ்சியவே மூடுறியா?"

அவள் பதில் சொல்வதற்குள் வாசலில் குதிரைச் சத்தம் கேட்டது. கம்பளியை இழுக்க நேரமில்லை. துரை உள்ளே வந்துவிட்டார்.

"என்னா இது, கங்காணி?" துரையின் முகம் பழுத்த கோப்பிப் பழமாகச் சிவந்தது.

"தூசிங்க, தொரை!" வீரையா தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டார். "கோப்பித் தூசி ராணியம்மா மேல படக் கூடாதுன்னு இந்தப் பொம்பளை தன் கம்பளியவே கழட்டிப் போர்த்தியிருக்கு. நான்தாங்க சொல்லிக் குடுத்தேன்."

துரை, நடுங்கி நின்ற பேச்சியம்மாவைப் பார்த்தார். மெல்லத் தன் தொப்பியைக் கழற்றினார்.

"நல்ல பொம்பளே! கண்டியிலே எல்லா தொரைக்கும் நான் சொல்றேன். நம்ம கங்காணி, ரொம்ப நல்ல கங்காணி!"

வீரையாவின் தோளில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் குதிரையேறினார்.

சத்தம் மலைத் திருப்பத்தில் மறைந்ததும் வீரையா கம்பளியை உருவிப் பேச்சியம்மாவின் காலடியில் எறிந்தார்.

"தப்பிச்சோம்னு நெனைக்காத. நாளைக்குக் காலையில பேரு கூப்பிடுறப்ப ஒன் பேரு இருக்காது. ராணிய அவமானப்படுத்துறவளை வச்சுக்கிட்டு நான் ஜெயிலுக்குப் போகவா?"

பேச்சியம்மா அழவில்லை. கம்பளியை எடுத்து உதறிக்கொண்டாள். படத்தின் பக்கம் திரும்பாமல், தரையைப் பார்த்தபடியே பேசினாள்.

"நான் போயிடுறேன், கங்காணி. நாளையிலேருந்து நீங்களாச்சும் மூடி வைங்க. தோணி எறங்கி மன்னார்லருந்து நடந்து வர்றப்ப என் ரெண்டு பிள்ளைங்களையும் காட்டு வழியில பொதைச்சோம். குழி வெட்ட ஆள் விட்டதே நீங்கதான். அந்தா இருக்காளே பாலம்மா, அவளுக்கு மூணு. பிள்ளைய மண்ணுல வைக்காதவ இந்த ஸ்டோருல யாரு இருக்கா?"

வீரையா படத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"அங்க ஒன்பதும் உசுரோட நிக்குது. நாங்க நாற்பது பேரும் நாள் முழுக்க அதையே ஏங்கிப் பார்த்தா கண்ணு பட்டுறாதா, கங்காணி? பாவம், ராணியும் பெத்தவதானே!"