ஞாயிற்றுக்கிழமைச் சிவப்பு

"ஞாயித்துக்கிழமை காலையில மட்டும் யார் மேல சார் உங்களுக்கு அவ்வளவு கோபம்?" என்றார் பல் டாக்டர்.

நான் சாய்வு நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தேன். உள்ளே பேனா அளவுக்கு ஒரு கேமரா. பதில் சொல்ல வழியில்லை.

எதிர்ச் சுவரில் பெரிய திரை. அதில் என் பெயர். பெயருக்குக் கீழே மூன்று மாதம் பல் தேய்த்த லட்சணம் நாள்வாரியாகக் கட்டம் கட்டி நின்றது. திங்கள் பச்சை, செவ்வாய் பச்சை, சனி வரைக்கும் பச்சை. ஞாயிறு வந்தால் மட்டும் ரத்தச் சிவப்பு.

"பச்சைன்னா பதமா தேய்ச்சிருக்கீங்க. சிவப்புன்னா அடிப்பிடிச்ச பாத்திரம் தேய்க்கிற மாதிரி தேய்ச்சிருக்கீங்க. ரொம்ப அழுத்தினா பிரஷ்ல சிவப்பு விளக்கு எரியும், எவ்வளவு அழுத்துறீங்கன்னு பிரஷே இங்கயும் அனுப்பிடும். அது பொய் சொல்லாது சார்."

வினை அங்கேதான் இருந்தது. அறையில் என் மனைவி மட்டும் இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்போம். மூலையில் ஸ்டூல் போட்டு என் மச்சினனும் உட்கார்ந்திருந்தான். அவளுடைய ஒரே தம்பி.

அந்த இரண்டு பிரஷ்களையும் எங்கள் கல்யாண நாளுக்கு வாங்கிக் கொடுத்தவனே அவன்தான். நீல வளையம் மாமாவுக்கு, மஞ்சள் வளையம் அக்காவுக்கு என்று போனில் பெயர்களைப் பதிந்து, கிளினிக்கோடு இணைத்துவிட்டதும் அவன்தான். தன் பரிசு வேலை செய்கிற அழகைக் கண்குளிரப் பார்க்க வேண்டும் என்று கூடவே வந்திருந்தான்.

பார்த்தான்.

ஞாயிறுதோறும் காலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டு அழைப்பு மணியை அடிப்பவனும் அவனேதான். செருப்பைக் கழற்றும்போதே தொடங்கிவிடுவான். அலமாரியை இப்படியா வைப்பார்கள், துணியை இப்படியா மடிப்பார்கள் என்று மத்தியானம் வரை வாய் ஓயாது. கெட்டவன் இல்லை. அக்கா என்றால் உயிர், அந்தப் பாசம் அப்படி வெளியே வருகிறது. அவளும் "வாடா, வாடா" என்று வாயெல்லாம் பல்லாகத்தான் கதவைத் திறப்பாள்.

மச்சினன் சிவப்புக் கட்டங்களை விரல்விட்டு எண்ணினான். பதின்மூன்று. முகம் சுண்டிப்போனது.

"நான் வர்றது பிடிக்கலைன்னா வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா."

என் வாய் திறந்துதான் இருந்தது. கேமராதான் குறுக்கே நின்றது.

மனைவியைப் பார்த்தேன். வெளிறிப்போய், கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். அம்மா அப்பா போன பிறகு, பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு இவன் ஒருத்தன்தான். இவனும் முறைத்துக்கொண்டு போய்விட்டால்?

டாக்டர் கேமராவை வெளியே எடுத்தார்.

"அட, அதெல்லாம் ஒண்ணுமில்லடா," என்றேன். "நீ வர்றது சந்தோஷம்தான். ஏழு மணிதான் கொஞ்சம் இடிக்குது. எனக்குத் தூக்கம் கெட்டா கையில வேகம் வந்துடும்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பாவமாக இருந்தது. ஆனாலும் பழி என் தலையிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"ஒண்ணுதான் புரியல," என்று டாக்டர் திரையையே பார்த்தார். "இவ்வளவு அழுத்தியும் உங்க ஈறு ஒரு இடத்துலகூட தேயலையே சார்."

நான் சட்டென்று எழுந்து அவளுக்கு நாற்காலியைக் காலி செய்தேன்.

அடுத்து அவள் நாற்காலியில் ஏறினாள். திரையில் அவள் பெயர் வந்தது. ஆறு நாளும் பச்சை. ஞாயிறு வெறும் வெள்ளைக் கட்டம். பதின்மூன்று வாரமும் அதே வெள்ளை.

"என்னம்மா இது, ஞாயித்துக்கிழமை நீங்க பல்லே தேய்க்கிறதில்லையா?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் துளிக்கூட அசராமல், "ஆமா டாக்டர். சோம்பேறித்தனம்," என்றாள்.

மச்சினன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். "அய்யே, அக்கா! பல்லு தேய்க்கலைன்னு சின்ன வயசுல என் முதுகுல எத்தனை அடி!"

அவன் சிரித்ததும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கேமரா அவள் வாய்க்குள் போனது. இடது பக்கம் வந்ததும் நின்றது. திரையில் ஈறு தேய்ந்து இறங்கியிருந்தது. டாக்டர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஸ்டூலில் சிரித்துக்கொண்டிருந்தவனைப் பார்த்தார். பிறகு திரையை அணைத்தார்.

"எல்லாரும் கொஞ்சம் மெதுவா தேயுங்க," என்று பொதுவாகச் சொல்லி அனுப்பிவைத்தார். நல்ல மனிதர்.

அடுத்த ஞாயிறு ஏழு மணிக்கு மணி அடிக்கவில்லை. மச்சினன் அக்காவுக்கு மெசேஜ் அனுப்பியிருந்தான். பத்தரைக்குத்தான் வருவானாம். மாமா தூங்கட்டுமாம்.

படுக்கையிலிருந்தே பார்த்தேன், அவள் குளியலறையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். கையில் நீல வளையம் போட்ட பிரஷ்.

வாங்கிய அன்றே அதை அவள் எடுத்துக்கொண்டுவிட்டாள். மஞ்சளைப் பார்த்தால் தேய்க்காத பல் ஞாபகம் வருகிறதாம். மஞ்சள் என் தலையில் விழுந்தது. போனில் பெயரை மாற்றச் சொன்னால் தம்பி அதற்கும் ஒரு மணி நேரம் பாடம் நடத்துவான் என்று அப்படியே விட்டுவிட்டோம்.

"என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாமேங்க," என்றாள் நுரையோடு. "அவன்கிட்ட காட்ட முடியாத கோபத்தையெல்லாம் பல்லுகிட்டதான் காட்டியிருக்கேன் போல."

"நீ மட்டும் என்னைக் காட்டிக் கொடுத்தியா?"

அவள் சிரித்தாள். பிரஷில் சிவப்பு விளக்கு எரியவே இல்லை.

ஞாயிறு என்றால் எனக்குப் பல்லுக்கும் சேர்த்துத்தான் விடுமுறை. போர்வையை இழுத்து மூடினேன். மூடிய பிறகுதான் அந்த வெள்ளைக் கட்டம் ஞாபகம் வந்தது. பாவம், அது அவள் பெயருக்குக் கீழே அல்லவா இருக்கிறது.

எழுந்து போய் மஞ்சள் பிரஷை எடுத்தேன்.